பிலோமினா நேர்ந்த சடை

செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணிக்கே வேன் வாசலில் நின்று ஹாரன் அடித்தது. உவரி அந்தோணியார் கோயிலுக்குப் போக வீடே குளித்துக் கிளம்பிவிட்டது. மொட்டை போட வேண்டிய இனிகோ மட்டும் சாக்சபோனை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலை விட்டு அசையாமல் இருந்தான்.

"ஏளா பிலோமி! ஒம் மவன் வாரானா, இல்ல நான் போயி அந்தச் சடையப் பிடிச்சி இழுத்துட்டு வரவா?"

நாத்தனார் அமலோற்பவத்தின் குரல் இடித்தது. விதவையாகித் தம்பி வீட்டுக்கு வந்த நாள் முதல் பதினெட்டு வருஷமாக அவள் வைத்ததுதான் சட்டம். இட்லிச் சட்டியை இறக்கிவிட்டுப் பிலோமினா வாசலை எட்டிப் பார்த்தாள். சொன்ன பொய் என்றைக்காவது வேன் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வரத்தானே செய்யும்!

மூன்று வருஷத்துக்கு முன்னால், கோயில் பேண்டு செட்டில் சாக்சபோன் படித்த இனிகோ, காயல்பட்டினத்து யாசிரோடு சேர்ந்து முத்துக்குளிப்பின் பழைய பெயரான 'சலாபம்' என்று ஜமைக்காவின் ரெகே இசைக்கு ஒரு குழு ஆரம்பித்தான். யாசிரின் பாஸ் கிட்டார் நெஞ்சுக்கூட்டில் நிதானமாகத் தட்ட, அதன்மேல் இவன் சாக்சபோன் ஜாஸ் பாணியில் தன்னிஷ்டத்துக்கு அலையும். பாட்டெல்லாம் ஆண்டவரும் உப்பளத்து வெயிலும்தான். சடை வளர்ப்பதை மார்க்கமாகக் கொண்ட அந்நாட்டு ரஸ்தாபாரிகளைப் பற்றிப் படித்துப் படித்து, ஆண்டவருக்கென்று தன்னை ஒப்புக்கொடுத்த நாசீர் விரதக்காரன் தலையில் சவரக்கத்தி படக்கூடாது என்ற வேதாகம வரியைத் தனக்கும் விரதமாக எடுத்துக்கொண்டான். முடி சடை விழுந்தது. பீடிகூடத் தொடாத பிள்ளையைக் கஞ்சாக்காரன் என்றது ஊர். ஒருநாள் அமலோற்பவம் அவன் பெட்டியைத் தூக்கித் தெருவில் வைத்தாள். பிலோமினா பதறிக் குறுக்கே விழுந்தாள்.

"அது நேர்ச்சை முடி மைனி! கப்பல்ல மாட்டிக்கிட்ட அவுக நல்லபடியா வரணும்னு உவரி அந்தோணியாருக்கு நேந்திருக்கேன்!"

கணவர் ரோச் வேலை பார்த்த கப்பல் அப்போது ஏதோ வழக்கில் வெளிநாட்டுத் துறைமுகத்தில் முடங்கிக் கிடந்தது. நேர்ச்சை என்றதும் அமலோற்பவம் பின்வாங்கினாள். பெட்டி வீட்டுக்குள் வந்தது. அப்போது வீட்டில் இல்லாத மகனிடம் பிலோமினா மூச்சு விடவில்லை. போன வியாழக்கிழமை ரோச் வந்து சேர்ந்தார், நேர்ச்சையும் கூடவே வந்து நின்றது.

"என்னக் கேக்காம என் முடிய நேந்தியாம்மா?" கட்டிலில் இருந்த இனிகோவின் கண் கலங்கியது. "இத்தன வருஷமா மொட்டைக்கு நாள் பாத்துக்கிட்டேதான் எனக்குச் சோறு போட்டியா? ஊரு சிரிச்சது வலிக்கல... நீயும் என் விரதத்த வேஷம்னுதான் நெனச்சிருக்க!"

பிலோமினா சேலைத் தலைப்பால் அவன் கண்ணைத் துடைத்தாள். இங்கே உண்மையைச் சொன்னால் நாத்தனார் கோயிலை மறந்துவிட்டுப் பெட்டியைத்தான் தூக்குவாள்.

"நீ வர வேண்டாம் ராசா," என்று மட்டும் சொல்லிவிட்டு வேனில் ஏறினாள்.

"அவன் எங்கேளா?" என்றாள் அமலோற்பவம்.

"நேந்தது நான் மைனி. நான் வாரேன். வண்டிய எடுக்கச் சொல்லுங்க."

அவன் பின்னாலேயே பைக்கில் வருவான் என்று அமலோற்பவம் எண்ணிக்கொண்டாள். உவரியில் வேன் நின்றதும் பிலோமினா நேரே முடி எடுக்கும் கொட்டகைக்குப் போனாள். கொண்டையை அவிழ்த்துவிட்டு, முடி எடுக்கும் ஏசுவடியான் முன்னால் உட்கார்ந்தாள்.

"முழுசா எடுத்துருங்க அண்ணாச்சி."

"ஏளா! ஒனக்குக் கிறுக்கு பிடிச்சிருக்கா? நேந்தது மவன் முடியில்லா!"

"அது பொய் மைனி." குரல் உடைந்தாலும் பார்வை தாழவில்லை. "நீங்க எம் பிள்ளையத் தெருவுல விட்டுருவீகன்னு பயந்து சொன்ன பொய். அவன் முடி அவன் ஆண்டவருக்குக் கொடுத்தது, அத நேர எனக்கு உரிமை கெடையாது. அந்தோணியார் பேரச் சொல்லி வாய் விட்டவ நான். அப்ப கொடுக்க வேண்டியதும் எந் தலைதான்!"

"பிலோமி... எனக்காகவா இது?" ரோச் தடுமாறினார்.

"நெசமாவே தெனமும் ஒங்களுக்காக அழுதேன். அது பொய்யில்ல." பிறகு நாத்தனாரைப் பார்த்தாள். "இனிமே அவன் பெட்டி தெருவுக்குப் போனா, எம் பெட்டியும் கூடப் போவும் மைனி. நீங்க எடுங்க அண்ணாச்சி."

கத்தி இறங்கியது. நரை கலந்த முடி கொத்துக் கொத்தாக விழுந்தது. பாதித் தலை ஆவதற்குள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு இனிகோ ஓடிவந்தான். வீட்டில் இருப்புக் கொள்ளாமல் யாசிரின் பைக்கில் வந்தவன், கொட்டகைக்கு வெளியே நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தான்.

"அம்மா! தெரியாமப் பேசிட்டேனேம்மா... போதும், என் சடைய எடுக்கட்டும்!"

"வாய மூடுலே! ஒன் விரதம் ஒனக்கு, என் நேர்ச்சை எனக்கு." அவன் அவள் காலைக் கட்டிக்கொண்டு தேம்பினான். அவனைத் தட்டிக்கொடுத்தபடியே மீதித் தலையையும் கொடுத்துவிட்டுத்தான் அவள் எழுந்தாள்.

அமலோற்பவம் அவள் அருகே வந்தாள். "என்ன மன்னிச்சிருளா பிலோமி..." என்று கைகூப்பினாள்.

"எங்கிட்ட வேண்டாம் மைனி. அவங்கிட்ட கேளுங்க."

அந்த வீட்டில் யாருக்கும் தலை குனியாதவள் தம்பி மகன் முன்னால் போய் நின்றாள். அவன் சடைகளை மெல்ல விலக்கி, நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டாள்.

பிலோமினா சேலைத் தலைப்பை மொட்டைத் தலையில் போட்டுக்கொண்டு, யாருக்கும் காத்திராமல், முதல் ஆளாகக் கோயிலுக்குள் நடந்தாள்.