செப்டம்பர் பதினெட்டுப் பெட்டி

“அந்தப் பெட்டி மூடாதும்மா. ஏறி உட்காந்துகூடப் பாத்துட்டேன்.”

“இன்னொண்ணு போடுங்கண்ணா.”

“இதே நாலாவது. நாலுலயும் ஒரே தேதி.”

கோகிலவாணி ஒளிமேசையிலிருந்து நிமிர்ந்தாள். ஈரோட்டு ஃபிலிம் காப்பகத்தின் குளிர் அறையில் அவளும் மாசிலாமணியும் பதினோரு நாளாக ஸ்லைடுகளையும் நெகட்டிவ்களையும் பிரித்துக்கொண்டிருந்தார்கள். இதுவரை எல்லாம் வீட்டுக்காரர் பெயர்ப்படி உறைகளில் கிடந்தன. வரத்து பெருகி அலமாரிகள் பிதுங்கவே, இனிப் படத்தில் தெரியும் தேதிப்படி அடுக்கவேண்டும் என்று உத்தரவு வந்திருந்தது.

முன்னொளிக் கருவி என்ற கேமரா வந்தபிறகுதான் ஃபிலிமுக்கு மறுபடி உயிர் வந்தது. கூடத்தில் நின்று அழுத்தினால், அதே கூடம் ஓராண்டோ இரண்டாண்டோ கழித்து எப்படி இருக்குமோ அது பதியும். ஃபிலிமில் மட்டுமே பதியும், நகலெடுத்தால் வெளுத்துப்போகும். எந்த நாள் என்று கருவிக்குச் சொல்லத் தெரியாது. சனங்களே அதற்கு வழி கண்டுபிடித்தார்கள்: சுவரில் மாட்டிய தினசரி காலண்டர் தெரியும்படி எடுப்பது. வரப்போகும் சோபாவையும் தொட்டிலையும் பார்த்துப் பூரித்துவிட்டு, படத்தைக் காப்பகத்தில் ஒப்படைத்துவிடுவார்கள்.

நான்கு பெட்டிகளிலும் செப்டம்பர் பதினெட்டு. அது இன்றைய தேதி.

அவற்றில் எந்தப் படத்திலும் ஆள் இல்லை. பாதி மடித்த துணி, தட்டில் காய்ந்த இட்லி, கழன்று தொங்கும் திரைச்சீலை. சிலவற்றில் காலண்டர் மேலேயே சிலந்தி வலை. ஆனால் தாள் மட்டும் அதே பதினெட்டு. படத்தைப் பார்த்த வீட்டுக்காரர்கள், அன்றைக்கு ஊருக்குப் போயிருப்போம், தாளைக் கிழிக்க மறந்திருப்போம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டார்கள். நாலு நாள் கிழிக்க மறக்காத வீடு எது? ஒரு வீடு மறந்தால் சோம்பல். தொள்ளாயிரம் வீடுகள் ஒரே நாளில் மறந்ததை, ஒன்றாகச் சேர்த்தபிறகுதான் பார்க்க முடிந்தது.

மாசிலாமணி யோசித்து ஒரு நம்பிக்கையைக் கண்டெடுத்தார். இப்போது தாங்கள் போய் எச்சரித்தால் ஊரே காலிசெய்து ஓடும். அந்தக் காலி வீடுகள்தாம் இவையாக இருக்கக்கூடாதா? “நாம சொல்லித்தான் போயிருக்காங்களோ என்னவோம்மா. எல்லாரும் நல்லாத்தான் இருப்பாங்க.”

அவளுக்கு மூச்சு திரும்பியது. பிறகு உருப்பெருக்கியைப் படத்தின் கீழ்மூலைக்கு நகர்த்தினாள். வாசற்படி ஓரம் செருப்புகள். பெரியதும் சின்னதுமாய், சோடி சோடியாய். அடுத்த படத்திலும். அதற்கடுத்ததிலும்.

“செருப்புப் போடாம எங்கண்ணா போவாங்க?”

அவர் மேலதிகாரியிடம் சொல்லி வருவதாக முணுமுணுத்து, கதவைத் திறந்துபோட்டபடியே ஓடினார்.

அலமாரியில் பதினெட்டுக்குப் பிந்தைய தடுப்புகள் காலி. பத்தொன்பதில் மட்டும் ஒரே ஒரு ஸ்லைடு. காலையில் அவளே வைத்தது, அவள் வீட்டுடையது. அதிலும் ஆள் இல்லை. ஆனால் தாள் பத்தொன்பது. நாளைக் காலை யாரோ ஒருவர் எழுந்து பதினெட்டைக் கிழித்திருக்கிறார். அவள் அந்த ஸ்லைடை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டு கணவன் பூபதியைப் போனில் கூப்பிட்டாள்.

“நம்ம காலண்டர்ல என்ன தேதிங்க இருக்குது?”

“இதக் கேக்கவா போன் பண்ணுன? பத்தொம்போது.”

“இன்னைக்குப் பதினெட்டுங்க.”

“காலைல கிழிக்கறப்போ ரெண்டு தாள் ஒட்டிக்கிட்டு வந்துருச்சு. நாளைக்கு வேல மிச்சம்னு உட்டுட்டேன்.”

அவன் சிரித்தான். பின்னால் மகள் ஏதோ பாடிக்கொண்டிருந்தாள். கோகிலவாணி கையைப் பிரித்து ஸ்லைடை வெளிச்சத்தில் பிடித்தாள். படி ஓரத்தில் சிவப்பாய் இரண்டு புள்ளிகள். போன ஞாயிறுதான் மகளுக்கு வாங்கிக் கொடுத்திருந்தாள்.

பாட்டு பாதியில் நின்றது. பூபதியின் சிரிப்பும்.

“ஏனுங்க, பாப்பாவுக்குச் செருப்ப மாட்டுங்க. அந்தச் சிவப்புச் செருப்பு. எதுக்குன்னு கேக்காதீங்க, மாட்டிவிட்டு வெளிய கூட்டிட்டு வந்துருங்க… கேக்குதுங்களா? செருப்ப மட்டும் மாட்டிவிடுங்க.”