பிறந்தநாள் விதி

ஊசி அந்த வீட்டுக் கதவைத் தட்டியபோது மத்தியான வெயில் தெருவை வறுத்துக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்ப்பவனை நண்பர்கள் கூப்பிடும் பெயர் அது. வைத்தவன் லாரி டிரைவர். அவன் செத்து இருபது நாளாகிறது.

"வாங்கண்ணே. அவரு போனைத் திறக்கவே தெரியல," என்றாள் டிரைவரின் மனைவி. "கடைசியா உங்ககிட்ட என்னமோ கேட்டாரு. 'ஊசியே சொல்லிட்டான், பயமில்ல'ன்னு படுத்தாரு. என்னண்ணே சொன்னீங்க?"

"ஞாபகமில்லம்மா. போனைத் திறந்து தர்றேன்."

திறக்கவா வந்தான்? அவள் பார்ப்பதற்குள் அழிக்க வந்தான்.

அவள் அடுக்களைக்குப் போனதும் படுக்கையறைக்குள் நுழைந்தான். இழுத்து மூடிய திரை. போகாத தைல நெடி. சார்ஜில் கிடந்தது போன். அதன் பூட்டு எண் அவனுக்குத் தெரியும்; திறந்தான்.

நண்பர்கள் ஆன்லைனில் ஆடும் வினாடி வினா. ஒருவன் கேள்வி அனுப்புவான். மற்றவன் தப்பாகச் சொன்னால் கேட்டவனுக்குப் புள்ளி. அதில் இவர்களாகவே வைத்துக்கொண்ட விதி ஒன்று உண்டு. பிறந்தநாள்காரன் எதைக் கேட்டாலும் வேண்டுமென்றே தப்புப் பதில்தான் தர வேண்டும். அன்றைக்கு அவன் ஜெயித்துவிட்டுப் போகட்டும்!

டிரைவர் தன் பிறந்தநாளன்று கேட்டிருந்தான்:

"நென்சு அழுத்துது. இடது கை மரத்துப்போகுது. என்ன காரணம்?"

நெஞ்சை 'நென்சு' என்றுதான் எப்போதும் எழுதுவான். ஆட்டம்தான் என்று நினைத்து ஊசி சிரித்துக்கொண்டே பதில் அடித்திருந்தான்: "வாயுப் பிடிப்பு. வெந்நீர் குடிச்சுட்டுப் படு."

படுத்தவன் எழுந்திருக்கவில்லை.

இரண்டையும் அழித்தான் ஊசி. போனை அணைத்துக் கட்டிலில் போட்டான். அப்பாடா.

சட்டைப் பையில் அவனுடைய போன் அதிர்ந்தது.

அனுப்பியவர்: டிரைவர்.

"இன்னிக்கு உன் பொறந்தநாள்டா ஊசி. மறந்துட்டியா? நீ கேளு."

மறந்துதான் போயிருந்தான்.

கட்டிலில் அந்தப் போன் அணைந்தே கிடந்தது.

நெஞ்சில் யாரோ முழங்கையை ஊன்றி அழுத்தினார்கள். இடது கை மரத்தது. ஆம்புலன்சுக்கு அழைக்கப் பார்த்தான். விரல் பட்ட இடத்திலெல்லாம் எழுத்துகள்தான் விழுந்தன, அவன் பெயரில், ஒரு கேள்வியாக.

"நென்சு அழுத்துது..."

உடனே பதில் வந்தது.

"வாயுப் பிடிப்பு."

கதவு திறந்தது. ஆவி பறக்கும் டம்ளரோடு டிரைவரின் மனைவி.

"இந்தாங்கண்ணே, வெந்நீர்."

"நான்... கேக்கலையேம்மா."

"கூப்பிட்டுச் சொன்னீங்களே, 'ஊசிக்கு வெந்நீர் கொண்டா'ன்னு..." அவள் ஒரு எட்டு பின்வாங்கினாள். "அது உங்க குரல் இல்லையேண்ணே."

அவன் பின்னால் கட்டில் கிறீச்சிட்டது.

யாரோ புரண்டு, பக்கத்தில் படுக்க இடம் விட்டதுபோல.