ஊசி தாவிய வரி

இடுப்பு விண் விண்ணென்று தெறித்தது.

சப்-இன்ஸ்பெக்டர் நாகலெட்சுமி கட்டிலில் குப்புறக் கிடந்தாள். முதுகில் சுடுதண்ணீர்ப் போத்தல். ஆறு வருடம் கொழுந்துக் கூடை சுமந்த முதுகு அது. பொலிஸில் சேர்ந்து பதினெட்டு வருடமாகியும் கூடை இறங்கவில்லை!

ஞாயிற்றுக்கிழமை. லீவு. இன்று எழுந்திருப்பதாக உத்தேசமில்லை.

ட்ரிங்ங்ங்...!

"மிஸ்! கொன்னுட்டானுங்க மிஸ்!"

"யாரு பேசுறது? யாரைக் கொன்னாங்க?"

"ரேடியோக் கடை இப்றாஹிம்! கொன்னது என்னையத்தான்! மலை மின்னலைக் காணோம்!"

போத்தல் உருண்டு கீழே விழுந்தது.

மலை மின்னல்!

1969-இல் தோட்டத்துப் பையன்கள் நான்கு பேர் சேர்ந்த பொப் கோஷ்டி. கொழும்புக்குப் போய் ஒரே ஒரு பாட்டை ரெக்கோட் செய்தார்கள். அப்புறம் ஆளுக்கொரு திசை. அந்த ரெக்கோட்டில் மிஞ்சியிருப்பது ஒரே ஒரு பிரதி. அது ஹட்டன் டவுனில், இப்றாஹிமின் இரும்பு அல்மாரியில்.

இருந்தது. இன்று மத்தியானம் வரை!

இடுப்பைப் பிடித்துக்கொண்டே எழுந்தாள்.

கடையின் பின்னறையில் நாலு பேர். ஞாயிறு தவறாமல் கூடி, பழைய பாட்டுப் பேசிப் பொழுதைக் கழிக்கிற கூட்டம்.

கடைக்காரர் இப்றாஹிம். கல்யாண வீடுகளில் பொங்கோஸ் தட்டிய கஜேந்திரன். தேயிலை பெக்டரியில் நாற்பது வருடம் பெட்டி தூக்கிய மரியரட்ணம். அவருடைய மனைவி பவுலின், பிளேன்டித் தேநீர் ஊற்றிக்கொண்டு.

இதில் மரியரட்ணம்தான் கதாநாயகன். ரெக்கோட்டில் பாடியது அவர்தான் என்பது ஊரறிந்த விஷயம்.

"எப்ப காணாமப் போச்சு?" என்றாள் நாகலெட்சுமி.

"பன்னெண்டு மணிக்குக் கண்ணால பார்த்தேன் மிஸ். லுஹர் தொழுதிட்டு வந்தேன்... அல்மாரி காலி! ரெண்டு மணிக்குக் கொழும்புலேருந்து ரிஸ்கான் தம்பி மிசினோட வர்றாரு. பாட்டைத் திரும்ப வெளியிடப் போறாரு. அட்டையில மரியரட்ணம் அண்ணன் படம், பேரு எல்லாம்! நான் என்னத்தச் சொல்ல?"

"அந்த நேரத்துல வெளிய போனது யாரு?"

"ஒருத்தரும் போகல. உள்ள இருந்தது இவங்க மூணு பேருந்தான்."

நாகலெட்சுமி கஜேந்திரனிடம் திரும்பினாள்.

"நீங்க எங்க இருந்தீங்க?"

"பூண்டுலோயாவுல மிஸ்! அறுவத்தேழு. பெல்பொட்டம் போட்டுக்கிட்டு மேடையேறுறேன், பின்னால டர்ருன்னு..."

"நான் கேக்குறது பன்னெண்டே கால் மணிக்கு!"

"இந்த ஸ்டூல்லதான். அந்தக் கதையைத்தான் சொல்லிக்கிட்டு இருந்தேன்."

"சொன்னான் மிஸ்," என்றார் மரியரட்ணம். "முந்நூறாவது தடவை."

"நீங்க பட்டிப்பொலயில குளிருல கிட்டார் நரம்பு அறுந்த கதையைச் சொல்லலியா? நான் கண்ணை மூடிக்கிட்டுல்ல கேட்டேன்!"

"கண்ணை மூடினீங்களா?" நாகலெட்சுமி பிடித்துக்கொண்டாள்.

"பழைய கதைன்னா தானா மூடிக்கிரும் மிஸ்."

பவுலின் குசினியில் தண்ணீர் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தாளாம்.

பைகளைக் கொட்டினாள். அல்மாரிக்கு அடியில் குனிந்தாள். இடுப்பு 'ஐயோ' என்றது. ஒன்றுமில்லை!

பொத்தென்று நாற்காலியில் விழுந்தாள்.

"அப்படி என்ன பாட்டு அது? பாடுங்க பாப்போம்."

கேட்கவா வேண்டும்! கஜேந்திரன் மேசையைத் தட்டினார். மரியரட்ணம் நின்றபடியே தொண்டையைச் செருமினார். ஆண்கள் மூவரும் ஆரம்பித்தார்கள்.

"பனி வெலகுது பாரு...
பாதை தெரியுது பாரு...
என் பா—வெயிலே வெயிலே வா வா!"

"நிப்பாட்டுங்க! நடுவுல என்னா... எல்லாரும் ஒண்ணாத் தாவுறீங்க?"

இப்றாஹிம் சிரித்தார்.

"எழுபதுல எங்க வாப்பா இதே கடையில போட்டு ஓடிக்கிட்டிருக்குறப்ப, பூனை பாய்ஞ்சிருச்சு மிஸ். கீறல்! அன்னையிலேருந்து ஊசி ஒரு வரியைத் தாவிரும். டவுனே எங்க ஸ்பீக்கர்லதான் கேட்டுச்சு. டவுனே தாவித்தான் பாடும்."

நாகலெட்சுமி சிரிக்கவில்லை.

"மரியரட்ணம் ஐயா..."

"சொல்லுங்க மிஸ்."

"அவங்க ரெண்டு பேரும் ரெக்கோட்டைக் கேட்டுப் பாடம் பண்ணவங்க. நீங்க பூனை பாயிறதுக்கு முந்தியே பாடுனவரு. நீங்க ஏன் தாவுனீங்க?"

மரியரட்ணம் ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

பவுலின் கையிலிருந்த கேத்தல் ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

"வ... வயசாச்சும்மா. மறந்துருச்சு."

"சரி. ஒக்காருங்க."

"பரவாயில்ல. நிக்கிறேன்."

"வந்ததுலேருந்து பாக்குறேன். நாப்பது வருசம் பெட்டி தூக்குன முதுகு. கூடை தூக்குன எனக்கே நிக்க முடியல. நீங்க மட்டும் கொடிக்கம்பம் மாதிரி நிக்கிறீங்க! சாய்ஞ்சா ஏதும் ஒடைஞ்சிருமோ?"

எழுந்து போய், அவர் முதுகில் விரலால் தட்டினாள்.

டொக்!

ஸ்வெட்டருக்கும் சட்டைக்கும் நடுவே... பேப்பரில் சுற்றி... மலை மின்னல்!

"அண்ணே!" இப்றாஹிம் அலறினார். "நீங்களா?"

மரியரட்ணம் அவரைப் பார்க்கவில்லை. பவுலினைத்தான் பார்த்தார். தூக்குத் தண்டனைக் கைதியின் முகம்.

"ரிஸ்கான் தம்பி மிசின்ல ஊசி தாவாதாம் இப்றாஹிம் நானா. முழுப் பாட்டும் வந்துருமாம். அப்பறம் கேமராவுக்கு முன்னால என்னைப் பாடச் சொல்லுவாரு. அந்த வரி என்னான்னே எனக்குத் தெரியாது! நான் அந்தப் பாட்டைப் பாடல."

"என்னது?"

"ஹட்டன் ஸ்டேசன் வரைக்கும் ட்ரம்மைத் தூக்கிட்டுப் போனவன் நான். அவ்வளவுதான். டிக்கட் எடுத்துத் தரல. முதலை மாதிரி நீட்டமா, சீனி தூவி ஒரு கிம்புலா பணிஸ் இருக்குமே, அதை வாங்கித் தாறோம்னானுக. அதுவும் தரல... ரயில் போயிருச்சு. அப்பறம் ரெண்டு பேரு, தோட்டத்து ஆளுகளை இந்தியாவுக்கு அனுப்புன ஒப்பந்தத்துல கப்பலேறிட்டானுக. ஒருத்தன் செத்துட்டான். கேக்க ஆளில்ல. நான்தான் பாடினேன்னு சொல்லித்தான் பவுலினைப் பொண்ணு கேட்டேன். அம்பத்திரண்டு வருசம் ஆச்சு. இன்னிக்கு இவ என்னைய..."



வாசலில் செருப்புச் சத்தம். மிசின் பெட்டியோடு ரிஸ்கான் உள்ளே வந்தான்.

"பாட்டுக்கார ஐயா யாரு?"



பவுலின் கேத்தலை வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்தாள். கனத்த, கட்டைக் குரலில்... பாடினாள்!

"என் பாவாடை ஈரம் காயலியே... பொறுத்து வாடா மாமோய்!"

கஜேந்திரனின் பிளேன்டி மடியில் கொட்டியது. அவருக்குச் சுடவேயில்லை!

"தம்பி, போடுங்க அந்த ரெக்கோட்டை!" நாகலெட்சுமி கத்தினாள்.

ரிஸ்கான் போட்டான். ஊசி கீறலைத் தொட்டது... தாவவில்லை.

பாவாடை. ஈரம். மாமோய்.

அதே கட்டைக் குரல். பையன் குரல் என்று டவுனே நம்பிய குரல்!

"எங்கப்பா கங்காணி," என்றாள் பவுலின் அமைதியாக. "பொம்பளைப் புள்ள பையன்களோட கொழும்புக்குப் போனது தெரிஞ்சா காலை ஒடைச்சு அடுப்புல வச்சிருப்பாரு. சேர்ச்சில பாட்டுப் பழக்கம்னு பொய் சொல்லிட்டு, வட்டவளையில போயி ரயிலேறினேன். என் பேரை வெளிய சொல்லாதீங்கன்னு அந்தப் பையன்கள்கிட்ட சத்தியம் வாங்கினேன்."

மரியரட்ணம் மெதுவாக அவள் பக்கம் திரும்பினார்.

"அப்ப... நான் பொண்ணு கேக்க வந்தப்பவே...?"

"தெரியும். என் பாட்டை எனக்கே பாடிக் காட்டினாரு மிஸ், இந்த மனுசன்! அதுவும் தாவி!"

"அப்பறம் ஏன்க்கா கட்டிக்கிட்டீங்க?" என்றாள் நாகலெட்சுமி.

"வேற எவனும் என் பாட்டைப் பாடிக்கிட்டு வரலியே."

நாகலெட்சுமி இடுப்பையே மறந்திருந்தாள்.

"நானா, முறைப்பாடு எழுதணுமா?"

"என்னத்த எழுத மிஸ்! புருசன் பொஞ்சாதி வழக்கு. ரெக்கோட்டு என் அல்மாரிக்கு வந்தாப் போதும்."

ரிஸ்கான் மடிக்கணினியைத் திறந்து, அட்டையில் இருந்த பெயரை அழித்தான். பவுலின் என்று அடித்தான்.

"என் பேரு எங்கயுமே வராதா தம்பி?" மரியரட்ணத்தின் குரல் பூனைக்குட்டி மாதிரி வந்தது.

"போடுங்க தம்பி," என்றாள் பவுலின். "கடைசியில, சின்ன எழுத்துல. ட்ரம் தூக்கியவர், மரியரட்ணம்."

அறையே வெடித்துச் சிரித்தது. மரியரட்ணமும் சிரித்தார். மத்தியானத்திலிருந்து முதன்முறையாக நாற்காலியில் உட்கார்ந்து, நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

திடீரென்று முகம் மாறியது.

"பவுலின்... மலை மின்னல்ல இங்க மிஞ்சியிருக்குறது நீ ஒருத்திதானே?"

"ஆமா. அதுக்கென்ன?"

மரியரட்ணம் கையை நீட்டினார்.

"எனக்கு ஒரு கிம்புலா பணிஸ் பாக்கி!"