ஐந்து கத்திகளும் இடத்தில் இருந்தன

பிரேதப் பரிசோதனை அறிக்கையில் ஒரே ஒரு கட்டம் மட்டும் காலியாக இருந்தபோது அந்தப் பெண் வந்து சேர்ந்தாள். தோல் பைகள் தைக்கும் அவளுடைய அப்பா முந்தாநாள் மாலை தன் பட்டறையிலேயே இரத்தம் கொட்டி இறந்துபோயிருந்தார். இன்று காலையிலிருந்து அவளுடைய கணவன் போலீஸ் காவலில் இருந்தான். ஒரே வீட்டில் இரண்டு இடி. ஆனால் அவள் அழுதுகொண்டு வரவில்லை.

"எனக்கு ஆறுதல் வேண்டாம் டாக்டர். நடந்தது என்னன்னு தெரியணும். என் வீட்டுக்காரர்தான் பண்ணார்னா அதையும் என் முகத்துக்கு நேரா சொல்லுங்க. வீட்ல நாலு வயசுப் பொண்ணு இருக்கா. நாளைக்கு அவகிட்ட நான் எதையாவது சொல்லியாகணும்."

"எது வந்தாலும் அப்படியேதான் எழுதுவேன்மா."

"அதுக்குத்தான் வந்தேன்."

டாக்டரம்மா இருபத்திரண்டு வருடமாகப் பிணவறையில் வேலை பார்ப்பவர். குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. எதனால் இறந்தார் என்பதை அவர் அன்று காலையிலேயே எழுதிவிட்டார்: இடது தொடையின் பெரிய இரத்தக்குழாய் அறுபட்டு, இரத்தம் வெளியேறி. காலியாக இருந்தது அடுத்த கட்டம். விபத்தா, தற்கொலையா, கொலையா? ஒரே காயம் இந்த மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். மறுநாள் காலை மருமகனைக் கோர்ட்டில் நிறுத்த வேண்டும் என்று இன்ஸ்பெக்டர் மாலை ஐந்து மணி வரைதான் அவகாசம் கொடுத்திருந்தார்.

இன்ஸ்பெக்டர் முட்டாள் இல்லை. அவர் சொன்னதை எடுத்தெறிய முடியாது. அன்று நான்கு மணிக்கு மாமனாரும் மருமகனும் சண்டை போட்டதை எதிரே சாவி வெட்டும் கடைக்காரர் கேட்டிருக்கிறார். குடும்பத்தோடு வேறு ஊருக்குப் போகிறேன் என்று மருமகன் சொல்ல, பேத்தியைப் பிரித்துக்கொண்டு போகாதே என்று கிழவர் கத்தியிருக்கிறார். மருமகன் கோபமாக வெளியேறியதையும் கடைக்காரர் பார்த்தார். அதன் பிறகு ஒரு மணி நேரம் அவன் எங்கே திரிந்தான் என்பதற்குச் சாட்சி இல்லை. பட்டறைக்குப் பின்வாசல் உண்டு. உடல் கிடந்தது சுவரில் கத்திகள் செருகியிருந்த பலகைக்குக் கீழே. ஐந்து துளைகளிலும் ஐந்து கத்திகள் ஒழுங்காக இருந்தன. குத்திய கத்தியைக் கொலைகாரன் கையோடு கொண்டுபோயிருக்கிறான், தற்காத்துக்கொள்ள ஒரு கத்தியை எடுக்கக் கிழவர் ஓடியிருக்கிறார் என்பது இன்ஸ்பெக்டரின் கணக்கு. இன்னொன்றும் அவர் சொன்னார். கைக்கெட்டும் தூரத்தில் போன் இருந்தது. அதில் ஒரு பொட்டு இரத்தம் இல்லை. தானே வெட்டிக்கொண்ட மனிதன் முதலில் போனைத்தானே எடுப்பான்?

"எனக்கும் மருமகன் மேலதான் சந்தேகம் மேடம்," என்றார் புகைப்படக்காரர். போலீஸுக்காகப் பிணங்களையும் சம்பவ இடங்களையும் படம் எடுப்பவர் அவர். நாற்பத்தைந்து வயது. மதியத்துக்கு முன் ஒரு கொலைகாரனைப் பிடிக்காவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

"அப்ப இன்னொரு தடவை பாப்போம்," என்று கையுறையை மாட்டிக்கொண்டார் டாக்டரம்மா.

காயம் ஒன்றே ஒன்று. முன்கைகளிலும் உள்ளங்கைகளிலும் தடுத்துப் போராடிய வெட்டுகள் இல்லை. தன்னைத்தானே வெட்டிக்கொள்ள நினைப்பவர்கள் முதலில் பயந்து பயந்து போடும் சின்னக் கீறல்களும் இல்லை. காயத்தைச் சுற்றி மட்டும் வெள்ளை வெள்ளையாய் ஏழு பழைய தழும்புகள் இருந்தன. எல்லாம் புதுக் காயம் போன அதே சாய்வில், மேலிருந்து உட்புறமாக. கால்சட்டையிலும் அதே இடத்தில் இரண்டு பழைய கிழிசல்கள் நூல் போட்டு அடைக்கப்பட்டிருந்தன.

"ஏழு தடவை குத்த வந்தானா நீங்க சந்தேகப்படுற மருமகன்?" என்று டாக்டரம்மா கேட்டதும் புகைப்படக்காரர் தலையைச் சொறிந்தார். ஆனால் மனிதர் சும்மா இருக்கவில்லை. தான் எடுத்த படங்களை வரிசையாகப் பரப்பிக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார்.

"மேடம், இடது கை முழுக்க இரத்தம். வலது கை சுத்தமா இருக்கு. அதோட இங்க பாருங்க. காயம் இடது தொடையில. வலது தொடைத் துணியில எதுக்கு ரெண்டு கோடு, பக்கத்துப் பக்கத்துல?"

டாக்டரம்மா அந்தப் படத்தை வெகு நேரம் பார்த்தார். பிறகு இன்ஸ்பெக்டரையும் மகளையும் நான்கரை மணிக்குப் பட்டறைக்கு வரச் சொன்னார்.

போகும் வழியில் சாவிக் கடைக்காரரிடம் ஒரு வார்த்தை பேசினார். அன்று ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் உள்ளே கடிகார மணி அடித்ததாகவும், வழக்கத்துக்கு மாறாக யாரும் அதை நிறுத்தவில்லை என்றும், அது பாட்டுக்கு அடித்துக்கொண்டே இருந்ததாகவும் அவர் சொன்னார். கடை மூடுகிற மணி என்று நினைத்து போலீஸ் இதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பட்டறை ஒரே அறை. தாழ்வான முக்காலி, அதன் பக்கத்து மேசையில் கடிகாரம். போன் இருந்த இடத்தில் சுண்ணாம்புக் குறி. எதிர்ச் சுவரில், ஆள் உயரத்துக்குக் கத்திப் பலகை. மூலையில் சிவப்பு நிறத்தில் ஒரு குட்டி நாற்காலியும் தோல் துண்டுகள் நிறைந்த டப்பாவும்.

டாக்டரம்மா முக்காலியில் உட்கார்ந்து, கீழே கிடந்த மரப்பலகையை மடியில் வைத்துக்கொண்டார். "அப்பா இப்படித்தான் உக்காந்து வெட்டுவாராம்மா?"

"ஆமா. தன் பக்கமா இழுத்துத்தான் வெட்டுவார். எத்தனையோ தடவை திட்டியிருக்கேன்."

"அந்த ஏழு தழும்பும் இந்தப் பழக்கத்தால வந்தது. எட்டாவது ஆழமா இறங்கிடுச்சு." கிழவர் கடைசியாக வெட்டிக்கொண்டிருந்த தோல்வாரை டாக்டரம்மா தூக்கிக் காட்டினார். முழ நீளத்துக்கு நூல் பிடித்த மாதிரி நேராக வந்த வெட்டு, கடைசியில் திடீரென்று ஓரத்துக்கு வழுக்கியிருந்தது.

"சரி டாக்டர், வெட்டுன கத்தி எங்க?" என்றார் இன்ஸ்பெக்டர் விடாமல்.

"நீங்க அஞ்சு கைப்பிடிய எண்ணுனீங்க. உருவிப் பாத்தீங்களா?"

இன்ஸ்பெக்டர் கையுறை போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக உருவினார். முதல் இரண்டும் சுத்தம். மூன்றாவதன் அலகு பளிச்சென்றுதான் இருந்தது. ஆனால் அலகும் கைப்பிடியும் சேரும் இடுக்கில் கருஞ்சிவப்பாக ஒரு கோடு. பலகையின் துளைக்குள் விட்டு எடுத்த பஞ்சும் அதே நிறத்தில் வந்தது.

"யாரோட இரத்தம்னு லேப் சொல்லட்டும். எனக்குச் சந்தேகமில்ல," என்றார் டாக்டரம்மா. "பெரிய குழாய் அறுந்தாலும் உடனே உயிர் போயிடாது. ஒண்ணு ரெண்டு நிமிஷம் நடக்கலாம், ஒரு வேலை செய்யலாம். இடது கையால காயத்த அழுத்திப் பிடிச்சார். வலது கைக் கத்திய வலது தொடையில இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணுன்னு துடைச்சார். அதான் ரெண்டு கோடு. தரையில பாருங்க, முக்காலியிலேர்ந்து கத்திப் பலகை வரைக்கும் சொட்டெல்லாம் வட்டமா, சமமான இடைவெளியில இருக்கு. உயிருக்குப் பயந்து ஓடுனா அப்படி விழாது. ஆறு அடி நடந்து போய்க் கத்தியச் செருகிட்டு, அங்கயே விழுந்துட்டார்."

"சாகப் போறவர் போனை விட்டுட்டு கத்திய எடுத்து வைப்பாரா? நம்புற மாதிரி இல்லையே டாக்டர்."

அப்போது கடிகார மணி அடித்தது. ஐந்துக்குப் பத்து நிமிடம். புகைப்படக்காரர் அதை நிறுத்தப் போனார். டாக்டரம்மா கையைக் காட்டித் தடுத்துவிட்டு மகளைப் பார்த்தார்.

"இது எதுக்கு அடிக்கிற மணிம்மா?"

மகள் அந்தக் குட்டி நாற்காலியைப் பார்த்தபடியே நின்றாள். "பாப்பாவுக்கு. ஸ்கூல் விட்டதும் அஞ்சு மணிக்கு இங்க கூட்டிட்டு வருவேன். அவ உள்ள ஓடி வந்ததும் நேரா அந்த மேசையிலதான் கை வைப்பா. அதனால பத்து நிமிஷம் முன்னாடியே மணி வச்சு, கத்தியெல்லாம் மேல போட்டுடுவார். ஒரு நாள் கூட மறந்ததில்ல." அவள் வாசலைத் திரும்பிப் பார்த்தாள். "அன்னைக்கும் அவதான் எனக்கு முன்னாடி உள்ள ஓடினா."

மணி மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. இன்ஸ்பெக்டரே போய் அதை நிறுத்தினார். மாமனாரும் மருமகனும் சண்டை போட்டதே அந்தக் குழந்தைக்காகத்தான் என்பது அவருக்கு இப்போதுதான் வேறு மாதிரி உறைத்திருக்க வேண்டும். வெளியே போய், மருமகனை விடச் சொல்லி ஸ்டேஷனுக்குப் போன் செய்தார்.

"போனை எடுத்திருந்தா பிழைச்சிருப்பாரா டாக்டர்?"

"தெரியலம்மா. பிழைச்சிருக்கலாம். பொய் சொல்ல மாட்டேன்."

அவள் தலையசைத்தாள். கேட்டதற்கு நேரான பதில் வந்ததில் அவளுக்கு ஏதோ ஒரு நிம்மதி இருந்தது.

டாக்டரம்மா கிழவரின் மேசையிலேயே தாளை வைத்துக் காலிக் கட்டத்தில் 'விபத்து' என்று எழுதினார். ஒரு மனிதன் தன் கடைசி நிமிடத்தில் என்ன செய்தான் என்று கேட்கும் கட்டம் அந்தப் படிவத்தில் கிடையாது. அதனால் அடியில் 'பிற குறிப்புகள்' என்ற இடத்தில் இன்னொரு வரி சேர்த்தார்: 'காயம்பட்ட பின், இறந்தவர் கத்தியைக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வைத்திருக்கிறார்.'

மகள் அந்த வரியை இரண்டு முறை படித்தாள். பாப்பாவிடம் என்ன சொல்வது என்று இப்போது அவளுக்குத் தெரிந்திருந்தது.