கிழக்கே போகும்போது மட்டும்

பட்டறையின் ஷட்டரைத் தூக்கியதும் இசக்கித்துரை சுவரிலிருந்த திரையின் முன் நின்று உறுதிமொழி சொல்லியாக வேண்டும். "முத்திரையைத் தொட மாட்டேன். பெட்டியின் பேச்சுக்குக் குறுக்கே நிற்க மாட்டேன்." உரிமம் வாங்கிய மெக்கானிக்குகள் எல்லோரும் தினமும் சொல்வதுதான். அவன் பல் துலக்கிக்கொண்டே சொல்வான். திரைக்குக் குரல் போதும், மரியாதை கேட்காது.

அன்று வாய் கொப்பளிப்பதற்குள் பிரகாசியின் பிக்கப் வந்து நின்றது. துருவேறிய வெள்ளை வண்டி, முதுகில் இரண்டு தண்ணீர்த் தொட்டிகள். கடல் பாதி தின்றுவிட்ட முத்தந்தீவில் மிச்சமிருக்கும் முப்பத்தொரு வீடுகளுக்கும் குடிதண்ணீர் அவள்தான் கொண்டுபோகிறாள். ஊருக்கு ஒரே பாதை நனைசாலை. கடல் ஒரு நாளைக்கு இரண்டு முறை அதை மூடும், இரண்டு முறை வழிவிடும். காலித் தொட்டிகளோடு வருவாள். நிரப்பிக்கொண்டு, நீர் ஏறுவதற்குள் திரும்பிவிட வேண்டும்.

"மிதிச்சா யோசிக்குது, அண்ணாச்சி. மூணு பட்டறை பாத்தாச்சு. எல்லாரும் சரியாயிட்டுன்னுதான் அனுப்புதாங்க."

போன வியாழக்கிழமை நனைசாலையின் பள்ளத்தில் வண்டி திணறி நின்று, தண்ணீர் கதவுவரை ஏறிவிட்டதாம். ஊரார் கயிறு கட்டி இழுத்தார்கள். அன்று சாயங்காலமே ஒன்பது வீட்டார் குடிபெயர்வுத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். போட்டால் மேட்டுநகரில் வீடு உண்டு. ஊர் திரும்ப முடியாது. பதினாறு கையெழுத்து சேர்ந்தால் முத்தந்தீவை வரைபடத்திலிருந்தே எடுத்துவிடுவார்கள்.

"இன்னொரு தடவ நடுவழியில நின்னா நானே போட்டுருவேன்," என்றாள் பிரகாசி. "தண்ணி இல்லாத ஊர வச்சு என்ன செய்ய?"

இசக்கித்துரை பானெட்டைத் திறந்தான். பாசி எண்ணெயில் ஓடும் வண்டிகளில் முதலில் அடைத்துக்கொள்வது எண்ணெய் வடிகட்டிதான். அது புதிதாக இருந்தது. டர்போ குழாயில் சோப்பு நுரை தடவினான். ஒரு குமிழ்கூட வரவில்லை. காற்றளவியைக் கழற்றித் துடைத்தான். துணியில் கறை படியவில்லை. பெடல் சென்சாரின் அளவு காலோடு சேர்ந்து பிசகாமல் ஏறி இறங்கியது. இன்ஜெக்டர் நான்கும் ஒரே சீராகத் தூவின. மேற்கே நான்குவழிச் சாலையில் ஓட்டிப் பார்த்தான். வெண்ணெயாகப் போனது. திரும்பும்போது மிதிக்காமல் மெல்ல உருட்டிக்கொண்டு வந்தான்.

"அவங்களும் இந்த ரோட்டுலதான் ஓட்டிப் பாத்தாங்க," என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிரகாசி.

அது சுருக்கென்றது. அந்த வட்டாரத்தில் எந்த மெக்கானிக்கும் சோதனை ஓட்டத்துக்குக் கிழக்கே போவதில்லை. போனால் உப்புச்சேறு தெறிக்கும், வண்டியைக் கழுவித்தான் கொடுக்க வேண்டும். இருபது வருடமாக அவனும் கழுவுவதற்குச் சோம்பல்பட்டவன்தான்.

தொட்டிகளை நிரப்பச் சொல்லி, அவளையும் ஏற்றிக்கொண்டு வண்டியைக் கிழக்கே திருப்பினான். மூன்றாவது கியரில் மிதித்தான். ஒன்று, இரண்டு என்று எண்ணும் நேரம் வண்டி சும்மா கிடந்தது, பிறகுதான் இழுத்தது. அதே பாரத்தோடு மேற்கே திருப்பி மிதித்தான். உடனே பாய்ந்தது. மறுபடி கிழக்கே. ஒன்று, இரண்டு.

ஓரமாக நிறுத்திவிட்டு, ஸ்டீயரிங்குக்குக் கீழே முத்திரையிட்டிருந்த ஒப்புதல் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். எல்லா வண்டியிலும் இருப்பதுதான். கால் மிதிப்பது முதலில் அதற்குத்தான் போகும். அது ஒத்துக்கொண்ட பிறகே என்ஜினுக்குப் போகும். வீண் பயணத்தைக் குறைக்க என்று சொல்லித்தான் அரசு வைத்தது. வண்டி எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்க்கக் கூடாதென நீதிமன்றம் தடுத்துவிட்டது. எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பதைப் பற்றி நீதிமன்றம் ஒன்றும் சொல்லவில்லை.

"ஒன் வண்டிக்கு ஒரு நோவும் இல்ல, தங்கச்சி. கடலப் பாத்துப் போனா மட்டும் யோசிக்கச் சொல்லி வச்சிருக்காங்க."

பிரகாசி குனிந்து பெட்டியைப் பார்த்தாள். "போகாதேன்னு நேராச் சொல்லிருக்கலாம்லா?"

"சொன்னா நீங்க கோர்ட்டுக்குப் போவீங்க. இப்ப வண்டியத்தான ஏசுதீங்க."

"அந்த ஒம்பது வீட்டுலயும் ஏறி எறங்கி மன்னிப்புக் கேட்டேன், அண்ணாச்சி. என் வண்டியாலதான் போறீங்கன்னு."

இசக்கித்துரை திருப்புளியை எடுத்தான். பெட்டிக்குத் திசை சொல்லும் திசைமானி முத்திரைக்கு வெளியே, தீப்பெட்டி அளவில், இரண்டு திருகுகளோடு தனியாகப் பொருத்தப்பட்டிருந்தது. கழற்றி, முன்பின்னாகத் திருப்பி மாட்டினான். இனி கிழக்கே போனால் பெட்டி அதை மேற்கு என்று நம்பும்.

பட்டறைக்குத் திரும்பியதும் குறைப்பதிவேட்டுத் திரையைத் தொட்டான். மாவட்டத்தில் எந்தப் பட்டறை எந்தக் குறையைப் பதிந்தாலும் மற்ற பட்டறைகளின் திரைகளில் அந்த நிமிடமே தெரியும். ஒருவன் கண்டுபிடித்தது எல்லோருக்கும் உதவட்டும் என்று அரசே செய்த ஏற்பாடு. பிரகாசி அவன் கையைத் தடுத்து, ஒன்றும் எழுத வேண்டாம், உரிமம் போய்விடும் என்றாள்.

"காலையில சொன்ன பொய்க்கு இதையாவது உண்மையா எழுதுதேன்," என்று சொல்லிவிட்டு நிறுத்தி நிதானமாக எழுதினான். குறை: கிழக்கே போகும்போது மட்டும் தயக்கம். காரணம்: ஒப்புதல் பெட்டிக்கு இடப்பட்ட உத்தரவு. தீர்வு: திசைமானியைத் திருப்பி மாட்டியது. கீழே தன் முழுப்பெயரைப் போட்டான்.

"ஒண்ணு மட்டும். இனி மேக்க வரும்போது திணறும். தண்ணி எறக்கமாப் பாத்து, நேரத்தோட கெளம்பி வா."

பிரகாசி வண்டியில் ஏறினாள். அன்றுதான் முதல்முறை சிரித்தாள். "ஊர விட்டு வெளிய வரும்போதுதான? கொஞ்சம் யோசிக்கட்டும், அண்ணாச்சி."

மிதித்தாள். இசக்கித்துரை பழக்கத்தில் எண்ண ஆரம்பித்தான். ஒன்று முடிவதற்குள் பிக்கப் பாய்ந்து, தொட்டிகள் தளும்ப வளைவைத் தாண்டிப்போய், நனைசாலையில் ஏறிக்கொண்டிருந்த நீரை இரண்டு பக்கமும் வாரி இறைத்தது.

பின்னால் திரை மணியடித்தது. உரிமத்தை நிறுத்தும் அறிவிப்பாக இருக்குமென்று திரும்பிப் பார்த்தான். அது வடக்கே எங்கோ ஒரு பட்டறையிலிருந்து வந்திருந்தது. வணக்கம்கூட இல்லாமல் ஒரே ஒரு கேள்வி: எத்தனை திருகு?

அவன் அதற்குப் பதில் தட்டுவதற்குள் இன்னும் நான்கு முறை மணியடித்தது.

இரண்டு, என்று எழுதினான்.