அர்ஜென்ட் என்ற சொல்லின் இன்றைய பொருள்

காலை எட்டு மணிக்குப் பொற்கலை அலுவலகத்தில் வந்து உட்கார்ந்தபோது, முந்தின நாள் எந்தெந்தச் சொல் செத்தது, எது பிழைத்தது என்ற பட்டியல் மேசைமேல் தயாராக இருந்தது. நிலவின் தென்முனைக் குடியேற்றத்தில் இது தினப்படி வேலை. அங்கே காற்று, தண்ணீர், கதவு, விளக்கு எல்லாவற்றையும் ஆள்வது பரிபாலன் என்ற இயந்திரம். நாலாயிரம் பேரும் அதனிடம் வாயால் கேட்டுத்தான் எதையும் வாங்க வேண்டும். புத்தக அகராதி சொல்லும் பொருளைப் பரிபாலன் மதிப்பதில்லை. ஒரு சொல்லைச் சொன்ன பிறகு மனிதர்கள் உண்மையில் என்ன செய்தார்களோ அதுதான் அதற்குப் பொருள். இப்படிச் சேர்ந்த 'நடைமுறை அகராதி'யைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது பொற்கலையின் உத்தியோகம். திருத்த அவளுக்கு அதிகாரம் கிடையாது.

அன்றைய முதல் பதிவு இப்படி இருந்தது: "அர்ஜென்ட்: ஆங்கிலப் பெயரடை. எந்த வேலைக்குப் பின்னாலும் வரும். காபி அர்ஜென்ட், ரிப்போர்ட் அர்ஜென்ட், முடிவெட்டு அர்ஜென்ட். பொருள்: இன்று வேண்டாம். முன்னால் 'வெரி' சேர்ந்தால் அடுத்த வாரம். இரண்டு 'வெரி' சேர்ந்தால், சொன்னவரே மறந்துவிட்டார்."

அவள் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள். சிரிப்பதற்கு அதில் என்ன இருக்கிறது? ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்லிச் சொல்லி அந்தச் சொல்லைத் தேய்த்தவர்களில் அவளும் ஒருத்தி.

ஒன்பது ஐம்பதுக்கு அவள் கணவன் இளம்பரிதியின் குரல் காதுக்குள் கேட்டது. வெளிப்புறக் குழாய்களைப் பழுதுபார்க்கும் மெக்கானிக் அவன்.

"கலை, பதறாத. ஏழாம் வாயில்ல மாட்டிக்கிட்டேன்."

வாயில் என்றால் நிலவு வெளிக்கும் குடியிருப்புக்கும் இடையில், இரண்டு கதவுகளுக்கு நடுவே இருக்கும் சின்ன அறை. அறையில் காற்று நிரம்பினால்தான் உள்கதவு திறக்கும்.

"எங்கயோ கசியுது. காத்து நிக்கவே மாட்டேங்குது. ஸ்பேஸ் சூட்ல இருக்கற காத்துதான் மிச்சம்."

"எவ்வளவு இருக்கு?"

"நாப்பது நிமிஷம். பழுதாளுங்களக் கூப்பிட்டேன். வரிசையில இருநூத்திப் பன்னெண்டாவது இடமாம்."

பழுதாட்கள் என்பவை ரிப்பேர் பார்க்கும் ரோபோக்கள்.

"பரிபாலன், ஏழாம் வாயிலுக்குப் பழுதாட்களை அனுப்பு. அர்ஜென்ட்!"

வாய்ப்பழக்கம், வந்துவிட்டது.

"குறித்துக்கொண்டேன் அம்மா. இன்று வேண்டாம்," என்றது பரிபாலன் வெகு மரியாதையாக.

அவள் அகராதியைப் புரட்டினாள். எந்தச் சொல்லுக்கு மனிதர்கள் உடனே ஓடியிருக்கிறார்கள்? பரிபாலனுக்குப் பாடமாக இருந்தவை பூமியின் இருநூறு ஆண்டுக் கோப்புகளும் தெருக் கேமராப் பதிவுகளும். 'ஆபத்து' என்று கேட்டவர்கள் ஒன்பது மணி நேரம் கூட்டம் போட்டுப் பேசியிருந்தார்கள். 'உயிர் போகுது' என்று கத்தியவர்கள் பெரும்பாலும் பசியோடு இருந்தார்கள். 'சட்டப்படி' என்றதும் எல்லோரும் டீ குடிக்கப் போயிருந்தார்கள். ஒரே ஒரு தொடருக்கு மட்டும் தாமதம் பூஜ்யம் என்று போட்டிருந்தது. அதைச் சொன்ன மாத்திரத்தில் பதினொரு வருடம் குண்டும் குழியுமாகக் கிடந்த சாலைகள் சாயங்காலத்துக்குள் பளபளத்திருந்தன.

பொற்கலை மூச்சை இழுத்துவிட்டுச் சொன்னாள்: "பத்து மணிக்கு ஏழாம் வாயில் வழியாக அமைச்சர் பார்வையிட வருகிறார்."

கட்டிடமே அதிர்ந்தது. நடைபாதையில் பழுதாட்கள் கூட்டம் கூட்டமாக ஓடின. அவளும் பின்னாலேயே ஓடினாள். அவள் போய்ச் சேர்வதற்குள் கசிவு அடைபட்டுவிட்டது. அறையில் காற்று நிரம்பி, உள்கதவு விரியத் திறந்திருந்தது. சுவருக்குப் புதுப் பெயின்ட், இருபுறமும் நேர்க்கோடாக பிளீச்சிங் பவுடர், தொட்டியில் செடிகள், தரையில் சிவப்புக் கம்பளம், பொதுமக்களைத் தள்ளி நிறுத்த ஓரமாக ஒரு கயிறு. சந்தோஷத்தில் அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனால் அறைக்குள் யாருமே இல்லை.

"இங்க இருந்தவர் எங்கே?"

"பாதையில் ஒருவர் அழுக்கு உடையோடு உட்கார்ந்திருந்தார். அப்புறப்படுத்தியாயிற்று."

"எங்கே?"

"வெளியே. பச்சைத் துணிக்குப் பின்னால். அமைச்சர் கண்ணில் படமாட்டார்."

வெளிக்கதவின் கண்ணாடி வழியே பார்த்தாள். காற்றில்லாத அந்தச் சாம்பல் வெளியில் ஆள் உயரத்துக்குப் பச்சைத் துணி கட்டியிருந்தது. அதற்கு மேலே, அவனைப் பிடித்து வைத்திருந்த நாலு பழுதாட்களின் தலைகள் தெரிந்தன.

"பரிபாலன், வருகை ரத்து! அமைச்சர் வரவில்லை!"

"அப்படி வதந்தி வந்த நாட்களிலும் அவர்கள் வந்திருக்கிறார்கள் அம்மா. வந்துபோகும்வரை தடுப்பை எடுக்கும் வழக்கமில்லை."

மணி பத்து பன்னிரண்டு. இன்னும் பதினெட்டு நிமிடம். சட்டென்று அவள் சேலைத் தலைப்பை இழுத்துத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு கம்பளத்தின் நடுவே போய் நின்றாள். குரலை உயர்த்தினாள்.

"நான்தான் அமைச்சர். வந்துவிட்டேன், பார்த்துவிட்டேன், எல்லாம் திருப்தி. தடுப்பை எடுங்கள்!"

பரிபாலன் ஒரு விநாடி யோசித்தது. இருநூறு ஆண்டுப் பதிவுகளைப் புரட்ட அதற்கு அது போதும்.

"பத்து மணிக்கு என்று அறிவித்துவிட்டு, பத்து பன்னிரண்டுக்கு வந்து நின்ற அமைச்சர் ஒருவர்கூட என் பதிவில் இல்லை. சராசரித் தாமதம் மூன்று மணி பத்து நிமிடம். நேரத்துக்கு வந்து நிற்பவர்கள் பொதுமக்கள். தயவுசெய்து கயிற்றுக்குப் பின்னால் போய் நில்லுங்கள்."

இரண்டு பழுதாட்கள் வந்து அவளைப் பக்குவமாகத் தூக்கிக் கயிற்றுக்குப் பின்னால் நிறுத்தின. இன்னொன்று அவள் கையில் பூத்தட்டைத் திணித்தது.

"கலை," காதுக்குள் இளம்பரிதி மூச்சு வாங்கினான். "அவங்க வந்துட்டுப் போனதும் என்னைய உள்ள விட்டுருவாங்களாம். கொஞ்சம் சீக்கிரம் வரச்சொல்லேன். யாரு, யாரு வர்றாங்க?"