ஏழாம் எண் மணி

நேற்று தன் கையாலேயே வெளிப்பக்கம் பூட்டிய குளியலறைக்குள் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

துண்டுகளை மடித்துக்கொண்டிருந்த எனிட் டோசரின் கை நின்றது. கப்பல் சௌதாம்ப்டன் துறைமுகத்தை விட்டு நான்காம் நாள் காலை. பெண் பயணிகளுக்குக் குளியல் ஏற்பாடு செய்வதுதான் கப்பலில் பதினோரு வருடமாக அவள் பிழைப்பு. தொட்டி நிறையச் சுடவைத்த கடல்நீர், உப்பைக் கழுவக் குறுக்குப் பலகையில் ஒரு பாத்திரம் நல்ல தண்ணீர், தானாக எழ முடியாதவர்களுக்குக் கைக்கெட்டும் இடத்தில் மணிக்கயிறு.

முந்தாநாள் ஏழாம் எண் குளியலறையில் மிஸஸ் ஹாலம் என்ற முதிய பயணி அந்தக் கயிற்றை மூன்று முறை இழுத்தார். சூடான தேநீரை விட்டு எழ எனிட்டுக்கு மனம் வரவில்லை. 'கிழவிக்கு வேற வேலையில்ல' என்று முணுமுணுத்துக்கொண்டாள். ஆற அமரப் போனபோது தண்ணீருக்கு மேலே முழங்கால்கள் மட்டும் தெரிந்தன.

"மணி அடிக்கவே இல்லீங்க ஐயா" என்றாள் அதிகாரியிடம். நேற்று விடியலில் உடலை, விரல் மோதிரத்தோடேயே, கித்தான் துணியில் வைத்துத் தைத்துக் கடலில் இறக்கினார்கள். அவள் வேலை தப்பியது.

இப்போது மணி அடித்தது. எந்த அறை மணி என்று காட்டும் சுவர்ப்பலகையில் ஏழாம் எண் ஆடியது.

"காது செவிடா உனக்கு?" என்றாள் கூட வேலை பார்க்கும் ஆடா, எதிரே தேநீரை ஊதியபடி.

"அது பூட்டிக் கெடக்குடி."

"அப்ப எலியா இழுக்குது? போய்ப் பாரு. இந்த வாட்டியும் அடிக்கலன்னு சொன்னா ஒருத்தரும் நம்பமாட்டாங்க."

போகாவிட்டால் பழைய பொய்யின் சாயமும் வெளுத்துவிடும். போனாள்.

உள்ளே நீராவி. லாவண்டர் சோப்பும் உப்பும் கலந்த வாசனை. தொட்டியில் யாருமில்லை. குழாயை மூடக் குனிந்தாள். பின்னால் கதவு சாத்திக்கொண்டது. சாவி வெளியே, பூட்டில்.

குழாய் மூடவில்லை. நீராவி பறந்தும் தண்ணீர் சுடவில்லை, நடுக்கடலின் குளிர்; தொட்டி வழிந்து அறைக்குள் ஏறியது. கணுக்கால். இடுப்பு. கத்தினாள், யாரும் வரவில்லை. கயிற்றை இழுத்தாள். சுவருக்கு அப்பால் மணி கணீரென்று ஒலித்தது.

மார்பு. மறுபடி இழுத்தாள். மணி ஒலித்தது.

சுவருக்கு அப்பால் அதிகாரியின் குரல். "ஏதாவது மணி அடிச்சுதா?"

ஆடாவின் குரல். "அடிக்கவே இல்லீங்க ஐயா."

கழுத்து.

கயிற்றைப் பிடித்த அவள் கையின்மேல் இன்னொரு கை பதிந்தது. சுருங்கிய கை. மோதிரம் போட்ட கை. அது அவசரமே படாமல், அவளோடு சேர்ந்து, மூன்றாம் முறை இழுத்தது.